முத்தம் இல்லாத வியாழன்

அத்தியாயம் பதினொன்று

தம்பி வரப்போகிறான் என்று தெரிந்த நாளிலிருந்து லபீப் ஒழுங்காகத் தூங்கவில்லை. அதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். நோன்பு காலத்தில் வயிறு அப்படித்தான் இருக்கும் என்பார். பெரிய நோன்பு தொடங்கி இத்தனை வாரம் குறட்டை விட்டுத் தூங்கியவருக்கு, அலெக்சாந்திரியாவிலிருந்து மக்ரம் போன் செய்த திங்கட்கிழமையிலிருந்து மட்டும் வயிற்றுக்கு என்ன வந்தது என்று அவர் மனைவி இன்சாஃப் கேட்கவில்லை. முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு எதைக் கேட்கக் கூடாது என்று தெரியும்.

அண்ணனும் தம்பியும் பேசி ஒன்பது வருஷம். பத்து வருஷத்துக்கு முன்னால் மக்ரம், சல்வாவைக் கட்டிக்கொண்டது அவள் போகும் சுவிசேஷ சபையில். எகிப்தின் பழைய திருச்சபையைச் சேர்ந்த எங்கள் கோப்து கோவிலில் அல்ல. “நம்ம படகை விட்டு இறங்கிட்டான்” என்று லபீப் ஊரெல்லாம் சொன்னார். அதோடு விட்டிருந்தால் நாளடைவில் ஆறிப்போயிருக்கும். அடுத்த வருஷம் ஒரு விடியற்காலையில் அம்மா இறந்தாள். எங்கள் மல்லவி ஊர் வழக்கப்படி அன்று மாலை நாலு மணிக்கே அடக்கமும் ஆயிற்று. மக்ரமுக்குத் தகவல் போனது மறுநாள். போன் கிடைக்கவில்லை என்றார் லபீப். ஊரும் நம்பியது, அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டது.

இப்போது அந்த மக்ரம்தான், வியாழக்கிழமை நேராகக் கோவிலுக்கே வந்துவிடுகிறேன் என்று அண்ணியிடம் சொல்லியிருந்தான். எதற்கு என்று சொல்லவில்லை. இன்சாஃப் சொன்னதைக் கேட்டு லபீப், கோவில் எல்லாருக்கும் பொது என்று மட்டும் சொல்லிவிட்டு அங்கியை இஸ்திரி போடப் போய்விட்டார்.

லபீப் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கிறார். ஆனால் ஊர் அவரை அறிந்திருப்பது கோவிலின் தலைமை டீக்கனாகத்தான். நாற்பது வருஷமாகப் பாடுகளின் வாரத்தில் ஒரு வாசகம்கூட அவர் இல்லாமல் நடந்ததில்லை. நோன்பில் மீன் உண்டா, எண்ணெய் உண்டா என்று கேட்கிறவர்கள்கூட அபூனாவை விட்டுவிட்டு இவரிடம்தான் வருவார்கள். பாதிரியார் அபூனா மத்தியாஸ் விதியில் சில சமயம் விட்டுக்கொடுத்துவிடுவார். லபீப் விட்டுக்கொடுக்க மாட்டார்.

பெரிய வியாழன் காலை. கோவில் நிறைந்திருந்தது. எங்கும் கறுப்புத் திரை.

மக்ரம் ஒன்பது மணிக்கு வாசலில் வந்து நின்றான். தலை நரைத்திருந்தது. இடது காலை லேசாக இழுத்து நடந்தான். ரயிலில் உட்கார்ந்து வந்த அலுப்பு என்று எல்லாரும் நினைத்தார்கள். வாசல் பெஞ்சில் இருந்த கிழவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

லபீப் அங்கியோடு வெளியே வந்தார். மக்ரம் இரண்டு கையையும் விரித்தான்.

“அண்ணே.”

எங்கள் ஊரில் நாலு நாள் பார்க்காதவனைப் பார்த்தாலே இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்துவிட்டுத்தான் சுகம் விசாரிப்போம். ஒன்பது வருஷம் பார்க்காத தம்பி என்றால் கேட்க வேண்டுமா? ஆனால் பாடுகளின் வாரத்தில் புதன் தொடங்கி அந்தப் பழக்கத்தை நிறுத்திவிடுவோம். யூதாஸ் ஏசுவை முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்த நாட்கள். வியாழன் பூசையில், முத்தம் கொடுத்துச் சமாதானம் சொல்லும் ஒப்புரவு ஜெபத்தையே விட்டுவிடுகிறோம்.

லபீப் உள்ளங்கையைத் தம்பியின் நெஞ்சில் வைத்துத் தடுத்தார்.

“இன்னைக்கு கெடையாது. யூதாஸ் நாளு. பண்டிகை முடியட்டும்.”

பெஞ்சில் ஒருவர் சிரித்தார். “லபீப்கிட்ட சட்டத்துக்கு லீவே கெடையாதுப்பா” என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். மக்ரமும் சிரிக்கத்தான் பார்த்தான். வரவில்லை. விரித்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப் பையைத் தடவிக்கொண்டான். பிறகு உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

சட்டம் சரிதான். நானும் அதைக் கடைப்பிடிக்கிறவன்தான். ஆனால் அன்று அந்தக் கையை அங்கே வைத்தது சட்டம் அல்ல. லபீபுக்கே அது தெரியும். தெரிந்ததால்தான் அடுத்த வாசகத்தில் இரண்டு இடத்தில் தடுமாறினார். நாற்பது வருஷத்தில் முதல் தடவை.

பிறகு பாதம் கழுவும் சடங்கு. அபூனா ஈரத் துண்டோடு வரிசை வரிசையாக வந்து ஆண்களின் பாதத்தில் சிலுவை போட்டார். தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் லபீப். ஏசு தம் சீடர்களின் காலைக் கழுவியதைப் பற்றி அரை மணி முன்புதான் கணீர் என்று வாசித்திருந்தார்.

கடைசி வரிசைக்கு வந்தார்கள். மக்ரம் குனிந்து இடது காலுறையைக் கழற்றினான். அது சுலபமாகக் கழன்று வரவில்லை. சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் இல்லை. மிச்சமிருந்த பாதம் கறுத்து வீங்கியிருந்தது. மருந்து வாடை அடித்தது.

அபூனா மண்டி போட்டார். மற்றவர்களுக்கு ஒரு தொடுதல்தான். இவனுக்கு மட்டும் பாதம் முழுவதையும் மெல்லத் துடைத்தார். லபீப் பாத்திரத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னடா இது என்று கேட்டிருக்கலாம். வாயே திறக்க வேண்டாம், பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு தடவை அந்தக் காலைத் தொட்டிருக்கலாம். துண்டு நனைய வேண்டும் என்று பாத்திரத்தை நீட்டினார். அவ்வளவுதான்.

நற்கருணை நேரம் வந்தது. பெண்கள் வரிசையில் தலையை மூடிக்கொண்டு இன்சாஃப் நின்றாள். அவளுக்கு முன்னால் நாலே பேர். அந்தப் பக்கம் டீக்கன்களில் முதல் ஆளாக லபீப் வாய் திறந்து வாங்கிக்கொள்வதையும், வாய்மேல் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நகர்வதையும் பார்த்தாள். அதே நேரத்தில் கடைசி வரிசையில் மக்ரம் எழுந்து வெளியே போவதையும் பார்த்தாள்.

இன்சாஃப் வரிசையை விட்டு விலகினாள். பின்னால் நின்றவள் என்னடி என்றாள். இவள் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள்.

கரும்புச்சாறு கடை திருப்பத்தில் அவனைப் பிடித்தாள். காலை இழுத்து நடக்கிறவனைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கவில்லை. அதுவே அவளுக்குத் துக்கமாக இருந்தது. வீட்டில் பருப்பு வேகிறது, பெரிய வியாழனும் அதுவுமாகச் சாப்பிடாமல் போகக் கூடாது என்றாள். அவன் தலையை ஆட்டினான். மூணு மணி வண்டிக்குப் போக வேண்டும் என்றான்.

“காலுக்கு என்ன தம்பி?”

“சக்கரை. சனிக்கிழம காலைல எடுத்துடறாங்க அண்ணி. முட்டிக்குக் கீழ.”

அவள் குனிந்து அந்தக் காலைப் பார்த்தாள்.

“ரெண்டு காலோட ஒரு தடவ நம்ம வீட்டுப் படி ஏறிடணும்னு தோணுச்சு” என்றான் மக்ரம். “சின்னப்புள்ளத்தனமாத்தான் இருக்கு. கோவில்ல அண்ணன் என்னைக் கட்டிப் புடிச்சுட்டா, அப்படியே கூடவே வந்துடலாம்னு நெனச்சேன். நானா வந்து ஏற முடியாது. அவன் கூப்பிடணும்.”

“நான் கூப்பிடறேனே.”

“நீங்க எப்பவும் கூப்பிடுவீங்க அண்ணி” என்றான். அதில் குற்றம் சொல்லும் தொனி எதுவும் இல்லை. அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ரயிலடிப் பக்கம் திரும்பிவிட்டான்.

லபீப் வீடு வந்தபோது மணி ஒன்றே முக்கால். இன்சாஃப் தட்டு வைக்கவில்லை. அடுப்பைக்கூட அணைத்துவிட்டிருந்தாள். ரயில், கால், சனிக்கிழமை, வீட்டுப் படி என்று கேட்டது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

லபீப் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் அவர் சொன்னது, அஞ்சு மணிக்கு மாலை வாசகம் இருக்கிறது என்பதுதான். இரண்டாவது, விதி தான் போட்டதில்லை, திருச்சபை போட்டது என்பது. மூன்றாவதாக, கால் இப்படி என்று முன்னாடியே போனில் சொல்லியிருக்கலாமே என்று தம்பிமேலேயே குற்றத்தைத் திருப்பப் பார்த்தார்.

இன்சாஃப் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எப்போதும்போல மகள் பெயரால் அவரைக் கூப்பிட்டு, நிதானமாகச் சொன்னாள்.

“நர்தீன் அப்பா, அன்னைக்கு நீங்க போனே பண்ணல.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒன்பது வருஷத்தில் அந்த வீட்டுக்குள் அந்த வாக்கியம் சொல்லப்பட்டதில்லை.

“உனக்குத் தெரியுமா?”

“அத்தை பக்கத்துல நான்தான உக்காந்திருந்தேன். காலைல அஞ்சு மணிக்குச் சொல்லியிருந்தா நாலு மணி அடக்கத்துக்கு வந்து சேந்திருப்பாரு. நீங்க போனை எடுத்தீங்க, பாத்தீங்க, பைக்குள்ள போட்டுக்கிட்டீங்க.”

“அப்ப நீ சொல்லியிருக்கலாம்ல.”

“சொல்லியிருக்கலாம். என் கையிலயும் போன் இருந்துச்சு. உங்களுக்குப் பயந்துகிட்டு சும்மா இருந்தேன். இன்னைக்கு அந்த வரிசையில நிக்க முடியல, அதான் வந்துட்டேன். நீங்க எப்படித்தான் வருஷாவருஷம் நற்கருணை வாங்குறீங்களோ.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் லபீபுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சமாதானம் சொல்லவாவது ஒரு வேலை கிடைத்திருக்கும்.

மணி இரண்டேகாலுக்கு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். இன்சாஃப் ரயிலடிக்குத்தான் போகிறார் என்று நினைத்தாள். எங்கள் மல்லவியில் லபீபைத் தவிர வேறு யாராக இருந்தாலும் ரயிலடிக்குத்தான் போயிருப்பார்கள். லபீப் கோவிலுக்குப் போனார். விதியைத் தெரிந்துகொள்ளாமல் எப்படிப் போவது?

அபூனா மத்தியாஸ், காணிக்கை அப்பம் சுடும் அறையில் ஒரு பெஞ்சில் காலை நீட்டி இளைப்பாறிக்கொண்டிருந்தார். முழங்கால் வலி. லபீப் வாசலில் நின்றபடியே கேட்டார்.

“அபூனா, முத்தம் கூடாதுன்னா கையப் புடிக்கலாமா? தோள்ல கை போட்டா குத்தமா?”

கிழவர் சிரிக்கவில்லை.

“நாப்பது வருஷமா எது கூடாது, எது கூடாதுன்னுதான் எங்கிட்ட கேட்டிருக்க. என்ன செய்யணும்னு ஒரு நாளும் கேட்டதில்ல லபீபு.”

மாலை வாசகம், நாளைக்குப் பெரிய வெள்ளி என்று லபீப் ஏதோ முனகினார்.

“உன் சகோதரனுக்கு உம்மேல மனத்தாங்கல் இருந்தா, காணிக்கைய அங்கயே வச்சுட்டு முதல்ல போய் ஒப்புரவாகுன்னு இருக்கே, அத நீதான எங்களுக்கு வாசிக்கிற? உன் குரலு நல்லாத்தான் இருக்கும்.” அபூனா குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். “உன்னை மட்டும் சொல்லி என்ன? உங்கம்மா அடக்கத்தன்னைக்கே எனக்குச் சந்தேகம்தான். கேக்கல. கேட்டா நீ கோவிச்சுக்கிட்டு நின்னுடுவ, பாட்டுக்கு ஆள் இல்லாமப் போயிடும். பாட்டுக்காக ஒம்போது வருஷம் உன் வாயில நற்கருணைய வச்சேன். ஏசு பின்னாடி போறேன்னு சொல்லிட்டு நாம ரெண்டு பேரும் கோவிலத்தான் சுத்திக்கிட்டிருந்திருக்கோம். போ. இப்பவே போ.”

“அஞ்சு மணிக்கு…”

“நான் வாசிச்சுக்கறேன். எனக்கும் எழுத்து தெரியும்.”

லபீப் தெருவில் ஓடியதை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது. அறுபத்திரண்டு வயது. நோன்பு வயிறு. கழுதை வண்டிக்காரன் ஒருவன் ஏறிக்கொள்ளச் சொன்னான். காதில் விழவில்லை. ரயிலடிக்குள் நுழையும்போது மணி மூன்று பத்து. எங்கள் ரயில் நேரத்துக்கு வந்து யாரும் பார்த்ததில்லை. அன்று அது தாமதமாக வந்து அப்போதுதான் நின்றிருந்தது.

பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டு போனார். ஐந்தாவது பெட்டியில் ஜன்னலோரம் மக்ரம். எதிர் இருக்கையில் காலை நீட்டியிருந்தான்.

லபீப் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த பேச்சு எதுவும் வரவில்லை. வந்தது ஒன்றுதான்.

“நான் போன் பண்ணல. அம்மா செத்தப்போ. லைன் கெடைக்காம இல்ல. நான் பண்ணல.”

மக்ரம் நீட்டியிருந்த காலைக் கீழே இறக்கினான்.

“வேணும்னுதான் பண்ணல. நீ அந்தச் சபைக்குப் போனதுக்குத் தண்டனன்னு நெனச்சேன். என்னை மன்னிச்சிடுடா.”

“தெரியும்ணே.”

“தெரியுமா?”

“அன்னைக்கு சல்வாவுக்குப் பிரசவ வலி. காலைலேருந்து ராத்திரி வரைக்கும் போனை நான் கையை விட்டு எறக்கல. மணி அடிக்கவே இல்லன்னு எனக்குத் தெரியாதா? எங்க பொண்ணு பொறந்ததும் அம்மா போனதும் ஒரே நாளு. ஒவ்வொரு வருஷமும் அவளுக்குக் கேக் வெட்டும்போது நெனச்சுக்குவேன்.” அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. “அன்னைக்கு நான் கெளம்பி வந்திருப்பேனோ மாட்டேனோ. அந்த நெலமைல அவளை விட்டுட்டு வர முடிஞ்சிருக்காது. ஆனா அத நான்ல முடிவு பண்ணியிருக்கணும்.”

லபீபுக்குத் தம்பிக்கு ஒரு பெண் இருப்பது தெரியும். பிறந்த நாள் தெரியாது. பெயரைக் கூடக் கேட்டதில்லை. தண்டித்தது யாரை என்று அந்த நிமிஷம்தான் முழுதாகத் தெரிந்தது. நெற்றியைக் கம்பியில் வைத்துக்கொண்டார். அழுதார். பிளாட்பாரத்தில் போகிறவர்கள் பார்த்தார்கள். தலைமை டீக்கன் அதைப் பொருட்படுத்தவில்லை.

மக்ரம் கம்பி வழியாகக் கையை நீட்டி அண்ணன் தலையில் வைத்தான். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான்.

“நீ வாயால சொல்லணும்னும்தான் வந்தேன். சொல்லிட்ட. போதும்.”

விசில் ஊதியது.

“வீட்டுக்கு வாடா. எறங்கு. அடுத்த வண்டியில போகலாம்” என்றார் லபீப். நாளைக் காலை ஆஸ்பத்திரியில் படுத்தே ஆகவேண்டும், இறங்க முடியாது என்றான் மக்ரம். வண்டி ஒரு தடவை குலுங்கி நின்றது. அவன் குனிந்து, சின்ன வயதில் பயந்தால் கேட்கும் அதே குரலில் கேட்டான்.

“சனிக்கெழம காலைல எட்டு மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போறாங்க. சல்வா தனியா இருப்பா. எனக்கும் பயமா இருக்கு. நீ வரியாண்ணே?”

சனி காலை எட்டு மணிக்கு அலெக்சாந்திரியாவில் இருக்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை ரயில் ஏற வேண்டும். பெரிய வெள்ளி. காலை முதல் மாலை வரை வாசகங்கள். அடக்கச் சடங்கில் ஏசுவின் படத்தை ரோஜா இதழ்களோடு வெள்ளைத் துணியில் சுற்றிப் பீடத்தில் வைப்பதில் நாற்பது வருஷமாக அபூனாவுக்குக் கை கொடுப்பவர் லபீப். பிறகு விடிய விடிய, பைபிளின் கடைசி நூலான திருவெளிப்பாட்டு வாசிப்பு. அவர் குரலுக்காகவே பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். இதெல்லாம் அவர் மனதில் ஓட மூன்று நொடிதான் ஆகியிருக்கும்.

வண்டி நகர்ந்தது. லபீப் கம்பியைப் பிடித்தபடி நாலு எட்டு கூடவே நடந்தார். வாயும் திறந்தது. மக்ரம் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிளாட்பாரம் முடிந்தது. கையை விட வேண்டியதாயிற்று.

கடைசிப் பெட்டியும் கரும்புத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் போய் மறைந்த பிறகுதான் லபீபுக்குக் குரல் வந்தது.

“வரேன்டா” என்றார். கேட்க அங்கே யாரும் இல்லை.